மூன்று முந்தியா, இரண்டு முந்தியா

மிங்கலா தாங்ஞுன்ட், யாங்கோன்
9.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ஜெயகுமாரி எழுதுவது. முழங்கால் தவிர எனக்கு எல்லாம் சுகம். அண்ணி சத்யபாமாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? பட்டர்வொர்த்தில் மழை உண்டா? இங்கே மழை வந்துவிட்டது, கரண்ட்தான் வரவில்லை. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் தருகிறார்கள், அதுவும் அவர்கள் நினைத்தபோது.

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. கடுதாசிதான் மரியாதை என்று அண்ணி மூலம் சொல்லி அனுப்புகிறீர்கள். முப்பது வருஷம் கப்பலில் இஞ்சின் ரூமில் கிடந்தவருக்கு இந்த மரியாதை எங்கிருந்து வந்ததோ. போகட்டும், மாதம் ஒரு தடவை பினாங்குக்குச் சரக்கு எடுக்க வரும் பீர் முகைதீன் பாய் இருக்கும்வரை நமக்குத் தபால்காரர் தேவையில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பினாங்கில் நிலோஃபர் என்று ஒரு பெண், சின்னதாக இசைத்தட்டுக் கம்பெனி வைத்திருக்கிறாள். ரங்கூன் வட்ட ரயிலைப் பற்றிய எங்கள் பாட்டை யாரோ எடுத்த வீடியோவில் பார்த்திருக்கிறாள். 'மிங்கலா எட்டு' என்கிற எங்கள் பேண்டின் எட்டுப் பாட்டுகளை ஒரு தட்டாகப் போட வேண்டுமாம். பர்மாவின் முதல் சல்சாக்காரி என்று அட்டையில் என் படம் வருமாம். வரட்டுமே, பொய்யில்லையே.

என் வாழ்க்கையை ஒரு பக்கத்தில் எழுதிக் கேட்டாள். எழுதினேன். ரயில்வே ஃபிட்டர் மகள். மாரியம்மன் கோயிலில் உறுமிக்காரர்கள் பக்கத்தில் நின்று தாளம் பழகியவள். பெண்பிள்ளை தோலைத் தொடக்கூடாது என்று அவர்கள் விரட்டியதால், தொண்ணூற்றிரண்டில், ஙாப்பி மீன் விழுது அடைத்து வந்த மரப் பீப்பாய்க்கு ஆட்டுத்தோல் கட்டித் தனக்கென்று ஒரு காங்கா மேளம் செய்துகொண்டவள். முதல் இரண்டு வருஷம் நான் வாசித்த இடமெல்லாம் மீன் நாறியதையும் எழுதினேன். தொண்ணூற்றொன்பதில் பேண்ட் தொடங்கியது, பர்மியச் சொல் போட்டு முதல் சல்சா ஆட்டப்பாட்டு கட்டியது, ஊரில் இன்றிருக்கும் ஆறு பேண்டுகளும் என்னிடம் கற்றவை என்பது, எல்லாம் எழுதினேன். தொண்ணூற்றொன்றில் நீங்கள் கொலம்பியா துறைமுகத்தில் பிடித்து அனுப்பிய அந்த ஒரே கேசட்தான் எனக்குக் குரு என்றும் எழுதினேன்.

அங்கேதான் வினை. கிளாவே என்று இரண்டு மரக்கட்டைகளைத் தட்டுவோம் அல்லவா, ஐந்து தட்டு, ஒரு பாதியில் மூன்று, மறுபாதியில் இரண்டு. சல்சாவில் மற்ற எல்லாம் அந்த ஐந்தைப் பார்த்துத்தான் நடக்கும். நாங்கள் மூன்றில் தொடங்குகிறோம். பாட்டு இரண்டில் தொடங்குவதாம், கட்டையும் பாட்டும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி நிற்கிறதாம், முப்பது வருஷமாகத் தலைகீழாக வாசிக்கிறேனாம். நிலோஃபர் பணிவாகத்தான் சொன்னாள். அப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கேசட் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முதலில் அம்மா உங்களுக்குப் பேசி அனுப்பிய குரல். அது முடிந்ததும் பட்டன் சத்தம், கட்டையில் இரண்டு தட்டு, உடனே பேண்ட் முழுதும் இறங்கிவிடும். இரண்டு முடிந்தால் அடுத்தது மூன்றுதானே? அப்படித்தான் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு டிரம்பெட் சத்தத்தில் கட்டை கேட்கவே கேட்காது. அந்தக் கேசட்டும் நர்கிஸ் புயலில் போய்விட்டது.

அந்த பேண்டை நேரில் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். எங்கள் பாட்டை மெமரி கார்டில் போட்டு அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு எது சரி என்று சொல்லுங்கள். அண்ணிக்கு என் அன்பு.

தங்கை,
ஜெயகுமாரி


பட்டர்வொர்த்
14.7.2024

அன்புத் தங்கை ஜெயகுமாரிக்கு,

அண்ணன் விநாயகமூர்த்தியின் ஆசிகள். உன் கடிதமும் நீ அனுப்பிய லப்பெட்டும் வந்து சேர்ந்தன. தேயிலை நன்றாக ஊறியிருந்தது, அண்ணி எனக்குக் கொஞ்சம்தான் கொடுத்தாள். அவளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நானும் சுகம். காலையில் கடற்கரை வரை நடக்கிறேன்.

நீ பீப்பாய்க்குத் தோல் கட்டியது தொண்ணூற்றிரண்டு அல்ல, தொண்ணூற்றுமூன்று. அந்த வருஷம் நான் லீவில் வந்திருந்தேன், அந்த நாற்றத்தை நானும் அனுபவித்தேன். அந்தப் பெண்ணிடம் திருத்தச் சொல். படத்துக்கு நல்ல சேலையாகக் கட்டிக்கொள்.

முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
விநாயகமூர்த்தி


மிங்கலா தாங்ஞுன்ட்
28.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். எண்ணெய் வேலை செய்கிறது.

கேட்டது ஒன்று, நீங்கள் எழுதியது பீப்பாய் வருஷம். பாட்டைக் கேட்டீர்களா இல்லையா? நிலோஃபர் செப்டம்பர் கடைசிவரைதான் பொறுப்பாள். நாங்கள் தலைகீழ்தான் என்றால் எட்டுப் பாட்டையும் திருப்பி வாசிக்க வேண்டும், பினாங்கிலிருந்து ஒரு கட்டைக்காரரை அனுப்புகிறாளாம். கட்டை தட்ட எனக்கு ஆள் அனுப்புகிறாள், பாருங்கள்.

எனக்கு மட்டும் என்றால் பேசாமல் இருந்துவிடுவேன். ஆறு பேண்டுகளுக்கு நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இப்போது ஞாயிறு தோறும் மத்தியானம் இரண்டு மணிக்கு லைங் தாயாவில் ஒரு மண்டபத்தில் வாசிக்கிறோம். தையல் ஃபாக்டரிப் பெண்கள் நூறு நூற்றைம்பது பேர் வருகிறார்கள். ஆறு நாளும் மெஷின் முன்னால் குனிந்திருந்த பிள்ளைகள், அன்றைக்கு நிமிர்ந்து ஆடுகிறார்கள். டிரம்பெட் வாசித்தவன் பாங்காக் போய்விட்டான், அந்த இடத்தை டிராம்போனை வைத்துச் சமாளிக்கிறேன். இதெல்லாம் தப்பின் மேல் கட்டியதா என்று எனக்குத் தெரிய வேண்டும். உலகத்தில் வேறு யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், உங்கள் காது சொன்னால் ஒத்துக்கொள்வேன்.

ஒரு வரி போதும். மூன்று முந்தியா, இரண்டு முந்தியா?

ஜெயகுமாரி


பட்டர்வொர்த்
1.9.2024

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். இங்கு இருவரும் நலம். போன மாதம் பாய் வந்த அன்று எனக்குக் காய்ச்சல், அதனால் பதில் தாமதம்.

பாட்டை மூன்று தடவை கேட்டேன். நீ வாசிப்பதுதான் சரி. அந்த பேண்டும் அப்படித்தான் வாசித்தது. மூன்றுதான் முந்தி. யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. டிராம்போன் பிரமாதம்.

அண்ணன்,
விநாயகமூர்த்தி


மிங்கலா தாங்ஞுன்ட்
15.9.2024

என் அருமை அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை பேண்ட் ஆட்கள் எல்லாருக்கும் படித்துப் பர்மியத்தில் சொன்னேன். பியானோ கலைமணி எழுந்து நின்று கும்பிட்டான். டிராம்போன்காரர் கோ சோவுக்குத்தான் தலை கால் புரியவில்லை, கப்பல்காரர் என்னைப் பாராட்டினாரா என்று நாலு தரம் கேட்டார்.

நிலோஃபருக்கு அன்றே எழுதிவிட்டேன். நேரில் கேட்ட சாட்சி என் அண்ணன், பட்டர்வொர்த்தில் இருக்கிறார், அவர் சொல்லிவிட்டார், நாங்கள் வாசிக்கிறபடி தட்டு வரும், இல்லையென்றால் தட்டே வராது என்று. கொஞ்சம் காரமாகத்தான் எழுதினேன். உங்களைப் பார்த்துப் பேச அவள் உங்கள் வீட்டுக்கே வருவாள். ஃபெர்ரியில் பத்து நிமிஷம்தானாமே. அண்ணியின் மீன் குழம்பைப் போட்டு அனுப்புங்கள், பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

உங்கள் தங்கை,
ஜெயகுமாரி


பட்டர்வொர்த்
20.10.2024

அன்புள்ள ஜெயாவுக்கு,

அண்ணி சத்யபாமா எழுதுகிறேன். நான் உனக்குக் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. பாயிடம் நானே கொடுக்கிறேன், உன் அண்ணனுக்குத் தெரியாது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன புதன்கிழமை நிலோஃபர் வந்தாள். நல்ல பெண். மேசைமேல் போனை வைத்து, உன் பாட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். பாட்டு இன்னும் தொடங்கவே இல்லை. அதற்குள் உன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, மேசையில் தாளம் போட்டு, "பாத்தீங்களா, இதான் சரி" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவருக்குக் காது கேட்காது, ஜெயா. நாலு வருஷமாகிறது. இஞ்சின் சத்தம் முன்பே பாதியைத் தின்றுவிட்டது, மீதியும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. மெஷின் வைத்தும் பார்த்தோம், இரைச்சல்தான் வருகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். நான் சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நீ அனுப்பும் பாட்டையெல்லாம் நான்தான் கேட்பேன், எந்த வாத்தியம் நன்றாக இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வார். டிராம்போன் என்று சொன்னதும் நான்தான். எனக்குத் தாளம் தெரியாது, அதனால் உன் கேள்விக்கு மட்டும் அவருக்கு உதவ முடியவில்லை.

நீ கோபப்படுவாய். படு, ஆனால் விட்டுவிடாதே. சத்தியத்தை மீறியதற்கு நான் முருகனிடம் சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணி,
சத்யபாமா


பட்டர்வொர்த்
3.11.2024

தங்கை ஜெயகுமாரிக்கு,

உன் அண்ணி எழுதியதை என்னிடமே சொல்லிவிட்டாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பிறகு, யாரைப் பழி சொல்ல என்று தோன்றியது.

நான் பொய் சொன்னேன். பாட்டைக் கேட்கவில்லை. உனக்கு என்ன பதில் வேண்டுமோ அதை எழுதினேன். நீ என் காதைப் பெரிதாக நினைத்திருக்கிறாய், அது போய்விட்டது என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

கேசட்டைப் பற்றி மட்டும் காது இல்லாமலே சொல்ல முடியும். அன்று ஞாயிறு மத்தியானம், கொலம்பியாவில், புவெனவெந்துரா துறைமுகத்துக் கடை ஒன்றில் அந்த பேண்ட் வாசித்துக்கொண்டிருந்தது. என்னிடம் இருந்தது ஒரே கேசட், அதில் அம்மா பேசியிருந்தாள். அவள் பேச்சை அழிக்க எனக்கு மனம் இல்லை. ரெக்கார்டரைக் காதோரம் வைத்து, அவள் எங்கே முடிக்கிறாள் என்று ஓடவிட்டுப் பார்த்தேன். அம்மாவை உனக்குத் தெரியும், "சரிப்பா, வைக்கிறேன்" என்று சொன்னபிறகு இன்னும் நாலு விஷயம் சொல்வாள். அவள் முடித்து நான் பட்டனை அழுத்துவதற்குள் அங்கே பாட்டு தொடங்கிவிட்டது. கட்டைக்காரன் தனியாக ஒரு சுற்றுத் தட்டினான், முதலில் இரண்டு, பிறகு மூன்று. அந்த மூன்றில் முதல் தட்டு தவறிப்போனது. பின்னிரண்டுதான் பதிவானது.

நீ இரண்டு என்று கேட்டது மூன்றில் மிச்சம். பேண்ட் இறங்கியது இரண்டில். அந்தப் பெண் சொல்வதுதான் சரி.

லீவில் வந்தபோது நீ வாசித்ததைக் கேட்டு எனக்கு ஏதோ இடறியது. நான் இசைக்காரன் அல்ல, நமக்கென்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டேன். அப்போது காது நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அண்ணன்,
விநாயகமூர்த்தி


பட்டர்வொர்த்
1.12.2024

அன்புத் தங்கைக்கு,

பாய் இந்தத் தடவை உன்னிடமிருந்து ஒன்றும் கொண்டுவரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, வாசலில் நின்று சிரித்துத்தான் அனுப்பினாள் என்று அண்ணியிடம் சொன்னாராம். அது போதும். எண்ணெய் தீர்ந்திருக்கும் என்று அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்


மிங்கலா தாங்ஞுன்ட்
22.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமா?

உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தாளம் தப்பியதற்கு இல்லை. நாலு வருஷம் நான் பாட்டு அனுப்பி, நீங்கள் கேட்பதாக நினைத்து, இந்த இடம் அண்ணனுக்குப் பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் செய்தேனே, அதற்கு. அழுதும் முடித்துவிட்டேன், அதனால் இப்போது எழுத முடிகிறது.

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. நிலோஃபர் சொன்னபடி கட்டையைத் திருப்பி வாசித்துப் பார்த்தேன். முதல் மூன்று நாள் இடது கையால் சோறு தின்பது போல இருந்தது. ஒன்பதாம் நாள் வந்துவிட்டது. ஆள் அனுப்புகிறேன் என்றாளே, அவர் வந்திருந்தால் என்னிடம் இரண்டு விஷயம் கற்றுக்கொண்டு போயிருப்பார். நேராக வாசிக்கும்போது அதற்கு ஒரு அழகு இருக்கிறது, அண்ணா. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரி தானாகப் போகிறது. இத்தனை வருஷம் நான் மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பேண்டையும் பழக்கி, ஒரு ஞாயிறு லைங் தாயாவில் சொல்லாமல் கொள்ளாமல் நேராக வாசித்தேன். வட்ட ரயில் பாட்டு. பத்தாவது அடியில் மண்டபமே தடுமாறியது. ஒருவர் காலை ஒருவர் மிதித்து, சிரித்து, பிறகு ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். மா தீரி என்று ஒரு பெண், பட்டன் தைக்கிறவள், மேடைக்கு வந்தாள். அவள் பர்மியத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "அக்கா, இது யாரோ பாட்டு. நம்ம பாட்டைப் போடுங்க."

அங்கேயே முடிவு செய்துவிட்டேன். தப்பு தப்புதான், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தத் தப்பின் மேல் இந்த ஊர் இருபத்தைந்து வருஷம் ஆடியிருக்கிறது, அதற்கென்று கால் பழகியிருக்கிறது, குழந்தைகள் அதைப் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். அதைப் பிடுங்கி நேராக்க எனக்கு உரிமை இல்லை, நிலோஃபருக்கும் இல்லை. எட்டுப் பாட்டும் ரங்கூன் வாசிக்கிறபடி வரும். ஒன்பதாவதாக ஒரு புதுப் பாட்டு கட்டியிருக்கிறேன், அது நேராக, இரண்டில் தொடங்கி வரும். இரண்டும் தெரிந்தவள் வேண்டுமென்றே இப்படி வாசிக்கிறாள் என்று கேட்கிறவனுக்குப் புரியட்டும்.

இதை நிலோஃபருக்கு எழுதும்போது உங்களைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. என் பெயரில் எழுதினேன். அவள் ஒன்பதையும் ஏற்றுக்கொண்டாள். ஜனவரியில் இங்கேயே பதிவு செய்து பாய் கையில் அனுப்புகிறேன்.

இனி உங்கள் காது எனக்குத் தேவையில்லை. நீங்கள் தேவை. நாலு வருஷமாக ரங்கூன் பக்கம் வராததற்கு இப்போதுதான் காரணம் தெரிகிறது. பிப்ரவரியில் வாருங்கள். எனக்குத்தான் காது கேட்காதே, வந்து என்ன செய்வேன் என்று எழுதுவீர்கள், எழுத வேண்டாம். கால்களைப் பாருங்கள், பாட்டு அங்கேதான் இருக்கிறது.

உங்கள் தங்கை,
ஜெயகுமாரி


மிங்கலா தாங்ஞுன்ட், யாங்கோன்
10.2.2025

அன்புள்ள சத்யபாமாவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாயா? போன் செய்ய ஜெயா இருக்கிறாள், இருந்தாலும் இதை நானே எழுதிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பாய் நாளை மறுநாள் கிளம்புகிறார்.

ஏர்போர்ட்டில் ஜெயா என்னைப் பார்த்ததும் ஏதோ நீளமாகப் பேசினாள். ஒன்றும் கேட்கவில்லை என்று தெரிந்தும் பேசி முடித்தாள். முகத்தைப் பார்த்தால் திட்டுதான். பிறகு என் பையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். முழங்கால் வலி என்பாளே, பின்தொடர்ந்து போக எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

நேற்று ஞாயிறு. லைங் தாயாவுக்கு அழைத்துப் போனாள். பெரிய தகரக் கூரை மண்டபம், ஜெனரேட்டர், வெயில். மேடை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். அவளுக்கு ஐம்பத்தேழு வயது என்று பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள். இரண்டு காங்காவுக்கு நடுவில் நின்றுகொண்டு, கண்ணாலேயே ஏழு பேரை வேலை வாங்குகிறாள். என் தங்கை என்று பக்கத்தில் இருந்தவரிடம் பர்மியத்தில் சொன்னேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் சொன்னபடி கால்களைப் பார்த்தேன். நூறு ஜோடிக் கால்கள், ரப்பர் செருப்பும் வெறுங்காலுமாக, ஒரே சமயத்தில் போய் ஒரே சமயத்தில் வந்தன. கொஞ்ச நேரத்தில் எனக்கு எண்ண வந்துவிட்டது. உனக்கு எப்படிச் சொல்வது, எனக்குப் பாட்டு நடந்துகொண்டிருந்தது.

மா தீரி என்கிற பெண் வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். நானும் எழுந்துவிட்டேன். நீ சிரிக்காதே. அந்தக் காலத்தில் கொலம்பியாக் கடையில் ஆடிய கால்தானே என்று தைரியமாக இறங்கினேன். அங்கே கற்றுக்கொண்டபடி, சரியான பக்கத்தில்தான் அடி எடுத்து வைத்தேன். அந்தப் பெண் நின்றுவிட்டாள். விரலை ஆட்டி, இல்லை என்றாள். குனிந்து என் இடது முழங்காலைத் தட்டி, தன் காலைக் காட்டினாள். மூன்று விரலை முதலில் நீட்டினாள், பிறகு இரண்டு.

மேடையைப் பார்த்தேன். ஜெயா வாசித்துக்கொண்டே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த ஆட்டத்தை அது பிறந்த ஊரிலேயே கற்றவன் நான் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல வாயெடுத்தேன். காலை மாற்றிக்கொண்டேன்.

உன்,
விநாயகமூர்த்தி